தமிழில் மட்டும் எனக்கு மறதி நோய்

1

போன மாதம் ஒரே வாரத்தில் என் மகள் எனக்கு மூன்று முறை போன் செய்தாள். இதில் என்ன அதிசயம் என்று ஊரில் இருக்கிற உங்களுக்குத் தோன்றும். உங்கள் பிள்ளைகள் மாடியிலிருந்து கீழே போன் போட்டுத் தண்ணீர் கேட்கிறவர்கள். என் மகள் ரிஸ்வானா அப்படி இல்லை. நாங்கள் இருக்கும் இதே ஸ்காட்லாந்துத் துறைமுகப் பட்டணத்தில்தான், பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில், இரண்டு தோழிகளோடு தனி வீடு எடுத்து இருக்கிறாள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை பேசுவாள். “அத்தா, நல்லா இருக்கீங்களா? அம்மா? ஓகே. பை.” மொத்தம் ஆறு வார்த்தை. அதிலும் இரண்டு ஆங்கிலம்.

அப்படிப்பட்டவள் திங்கட்கிழமை போன் செய்து, “அத்தா, காலையில என்ன சாப்ட்டீங்க?” என்றாள்.

“இட்லி.”

“நேத்து?”

“அதுவும் இட்லி.”

“அதுக்கு முந்தின நாள்?”

“ரிசு, நீ இப்ப போலீஸ் வேலையிலயா இருக்க?”

புதன்கிழமை மறுபடி போன். “அத்தா, நூறுலேர்ந்து ஏழு ஏழாக் கொறைச்சுக்கிட்டே வாங்க, பாப்போம்.” நான் வேலை செய்யும் கடையில் மீன் விலையைக் குறைக்கச் சொல்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, அது மேனேஜர் கையில்தான் இருக்கிறது என்றேன். வெள்ளிக்கிழமை போன் செய்தபோது எதற்கு என்று நானே முந்திக்கொண்டு கேட்டேன். “சும்மாதான் அத்தா” என்றாள். இருபத்தைந்து வருடத்தில் அவள் என்னிடம் சும்மா பேசியதே இல்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். நான் சாகுல், உச்சிப்புளிப் பக்கம் புதுமடம் என்ற கடலோரக் கிராமத்துக்காரன். பிழைப்புக்குத் துபாய் போய், அங்கே ஓர் உணவகத்தில் மீன் பொரித்து, அந்தக் கைப்பக்குவத்தை நம்பி ஒரு முதலாளி இங்கே கூட்டிவர, வந்து இருபத்தாறு வருடம் ஆயிற்று. இப்போது ஒரு பெரிய கடையின் மீன் பிரிவில் நிற்கிறேன். தலையும் முள்ளும் இல்லாததைத்தான் இந்தச் சனங்கள் மீன் என்று நம்புகிறார்கள். அதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். விட்டுவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ரிசு நேரிலேயே வந்துவிட்டாள். கையில் ஒரு பை நிறைய வால்நட், ஒரு கட்டுக் கீரை. வந்ததும் வராததுமாக அடுப்படியில் இருக்கும் டப்பாக்களில் எல்லாம் பெயர் எழுதி ஒட்டினாள். சீனிக்கு ‘சினி’ என்று எழுதியிருந்தாள். கடுகு என்று ஒட்டிய டப்பாவில் வெந்தயம் இருந்தது. அவள் போன பிறகு என் மனைவி மைமூன் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

“புள்ள எதையோ சொல்ல வருதுங்க. சொல்ல முடியாம முழுங்குது.”

“என்னத்த?”

“என்னத்தயா? இருவத்தஞ்சு வயசுல பொம்பளப்புள்ள என்னத்த முழுங்கும்? யாரையோ புடிச்சிருக்கு. ஒங்க மனசக் கரைக்கத்தான் இம்புட்டு வால்நட்டு.”

இந்த மாதிரி நேரத்தில் நான் யோசனை கேட்பது உச்சிப்புளியில் செல்போன் கடை வைத்திருக்கும் என் பால்ய சிநேகிதன் காதரிடம். எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு வழி உண்டு. போனில் முழுக்கக் கேட்டுவிட்டு, “ஏலே சாகுலு, பதறாத. இதுக்கு ஒரே வழிதான். நீ என்ன செய்யிற...” என்று ஆரம்பித்தான். அவ்வளவுதான், அவன் தலைக்கு மேலே கடற்படை விமானம் ஒன்று போக ஆரம்பித்தது. ஒரு நிமிடம் முழுக்க இரைச்சல். அது அடங்கியபோது, “...அம்புட்டுத்தான். செஞ்சுரு” என்றான்.

“டேய் காதரு, ஒண்ணுமே கேக்கலடா. திருப்பிச் சொல்லு.”

“கடைக்கு ஆளு வந்துருச்சுலே. வைக்கிறேன்.”

ஆக, சொந்தப் புத்தியில்தான் இறங்க வேண்டியதாயிற்று. அடுத்த ஞாயிறு ரிசு வந்ததும் எதிரே உட்கார வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, “அத்தா கோவப்பட மாட்டேன். எனக்குச் சம்மதம். பையன் யாரு?” என்றேன்.

“எந்தப் பையன்?”

“நீ முழுங்குற பையன்.”

ரிசுவின் முகம் வெளுத்துவிட்டது. மெல்ல மைமூன் பக்கம் திரும்பி, “அம்மா, அத்தா இப்படி அடிக்கடி பேசுறாங்களா?” என்று கேட்டாள்.

2

மறுநாள் கடிதம் வந்தது. ரிசு வேலை பார்க்கும் மூளை ஆராய்ச்சிக் குழுவிலிருந்து. ‘தாங்கள் அளித்த விடைகளில் சில, மேற்கொண்டு கவனிக்கத்தக்கவையாக உள்ளன. தங்கள் மருத்துவரை விரைவில் சந்திக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.’

இது விளங்க வேண்டுமென்றால் டிசம்பருக்குப் போக வேண்டும். ரிசுவின் குழு மறதி நோயை ஆராய்கிறது. அவள் எனக்குச் சொல்லித் தந்தது இது: “மூளைக்குள்ள சில புரதம் தப்பா மடிஞ்சு, கட்டி கட்டியாச் சேந்து, செல்லெல்லாம் சாகுது அத்தா. மறதி வெளிய தெரியிறதுக்குப் பல வருசம் முன்னாடியே அது ஆரம்பிச்சிருது. முன்னாடியே கண்டுபிடிக்கணும், அதுதான் எங்க வேலை.” கண்டுபிடிக்கும் கேள்வித்தாள்கள் ஆங்கிலத்தில் பழகியவர்களை வைத்துச் செய்தவையாம். தமிழில் ஒன்று செய்ய வேண்டும் என்று ரிசு பிடிவாதமாக நின்று அனுமதி வாங்கினாள். கேள்விகளையும் அவளே எழுதினாள். சரிபார்க்க, நோயில்லாத தமிழர்கள் கொஞ்சம் பேர் வேண்டும். இந்தப் பட்டணத்தில் தமிழர் கொஞ்சம். அதில் நோயில்லாதவர் இன்னும் கொஞ்சம். வியாழக்கிழமை சாயங்காலம் லீவு உள்ளவன் நான் ஒருவன்தான்.

சொந்த அப்பனை மகள் சோதிக்கக் கூடாது என்று விதி. அதனால் ஹேசல் என்ற அவளுடைய கூட்டாளிப் பெண்தான் எனக்குப் போன் செய்தாள். “பயப்படாதீர்கள், ஒரு வீ டெஸ்ட், அவ்வளவுதான்” என்றாள். ‘வீ’ என்ற வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும். ரிசு நர்சரி போன காலத்தில் அவசரமாக ஒன்றுக்கு வந்தால் அதைத்தான் சொல்லிக்கொண்டு ஓடுவாள். சரி, மூளைக்கும் அதற்கும் ஏதோ சம்பந்தம் இருக்கும் என்று, வீட்டிலேயே ஒரு சுத்தமான ஊறுகாய் பாட்டிலில் பிடித்து, இறுக மூடி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய் ஹேசல் கையில் கொடுத்தேன். இந்த நாட்டில் ‘வீ’ என்றால் சின்னது என்று அர்த்தமாம். இருபத்தாறு வருடமாக யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஹேசல் நல்ல பெண். இவ்வளவு தயாரிப்போடு இதுவரை யாரும் வந்ததில்லை என்று சொல்லி அதை வாங்கி மேசையில் வைத்தாள்.

பிறகு ஒரு கணினி முன்னால் உட்கார வைத்தாள். கேள்விகள் ரிசுவின் குரலில் பதிவாகியிருந்தன. நான் பதில் சொன்னால் கணினியே அதை எழுத்தாக்கி மதிப்பெண் போட்டுவிடுமாம். பெட்டிக்குள்ளிருந்து, “வணக்கம். தாங்கள் நலமாக இருக்கிறீர்களா?” என்றாள் என் மகள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் என்னிடம் இவ்வளவு தமிழ் ஒரே மூச்சில் பேசி நான் கேட்டதே கிடையாது. ஒவ்வொரு கேள்விக்கும், “சொல்றேன்மா”, “கேட்டுக்கிட்டுத்தாம்மா இருக்கேன்” என்று பெட்டிக்குச் சொல்லிச் சொல்லித்தான் பதில் சொன்னேன். வெளியே வரும்போது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நூற்றுக்கு நூறு என்றுதான் நினைத்திருந்தேன்.

3

கடிதம் வந்த அன்றைக்குச் சாயங்காலம் ரிசு ஓடி வந்தாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“எனக்கு அப்பவே தெரியும் அத்தா. மார்க்கப் பாத்துட்டேன். சொல்லக் கூடாதுன்னு ரூல். பெரியவங்க பாத்து லெட்டர் போடுற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு அழுதாள். ‘பையன் யாரு’ என்று நான் கேட்டது நோய் முற்றிவிட்டதன் அடையாளம் என்றே நினைத்தாளாம். மைமூன் மட்டும், “அப்ப யாரையும் புடிக்கலையா?” என்று ஒருமுறை உறுதிப்படுத்திக்கொண்டாள்.

நான் சிரிக்கத்தான் பார்த்தேன். வரவில்லை. என் அத்தா கடைசி இரண்டு வருடம் என்னை அடையாளம் தெரியாமல்தான் இருந்தார். வீடியோவில் என் முகத்தைப் பார்த்து, “தம்பி யாரு, நல்ல புள்ளையா இருக்கே” என்பார். அது என்னைப் புகழ்ந்த மாதிரி என்று ஊரில் எல்லாரும் தேற்றினார்கள். போனை வைத்துவிட்டு நான் குளியலறைக்குள் போய் அழுவேன். இங்கே வளரும் பிள்ளைகள் நம்மை மறந்துபோவார்கள் என்பது எனக்குத் தெரிந்ததுதான், மனசைத் தேற்றிக்கொண்டாயிற்று. நான் அவளை மறந்துபோவேனோ என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பயந்தேன். அந்தப் பயம் மற்ற பயம் மாதிரி இல்லை. சோறு இறங்கவில்லை.

மருத்துவரிடம் போனோம். அவர் ஆங்கிலத்தில் அதே மாதிரிக் கேள்விகளைக் கேட்டார். கிழமை, தேதி, படங்கள், கணக்கு. முழு மதிப்பெண். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இன்று காலை எனக்கே தேதி தெரியவில்லை, உங்களுக்கு என்ன குறை?” என்றார். ஆக, ஆங்கிலத்தில் எனக்கு மூளை இருக்கிறது, தமிழில்தான் இல்லை என்று முடிவாயிற்று.

இதைக் கேட்டதும் ரிசுவின் பேராசிரியர் துள்ளிக் குதித்துவிட்டார். இந்த நோய் வந்தால் பெரும்பாலும் பிற்பாடு கற்ற மொழிதான் முதலில் கழன்று போகுமாம், தாய்மொழி கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்குமாம். எனக்கு எல்லாம் தலைகீழ். இப்படி ஒரு மனிதனை அவர் பார்த்ததே இல்லையாம். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். துபாயிலோ இங்கேயோ என் கையை யாரும் அப்படிப் பிடித்தது கிடையாது. கொஞ்ச நேரம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, மறைப்பானேன்.

மூளையைப் படம் எடுத்தார்கள். அந்தக் குழாய்க்குள் படுத்தால் படகு எஞ்சின் மாதிரி ஒரே சீராகச் சத்தம். நான் தூங்கிவிட்டேன். குறட்டையில் தலை ஆடி முதல் படம் கெட்டுப்போய், இரண்டாம் தடவை எழுப்பி வைத்துக்கொண்டு எடுத்தார்கள். படத்தில் சுருக்கமோ கட்டியோ இல்லை. மைமூன் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இம்புட்டு இருக்கா உள்ள? பின்ன ஏன் ஒருநாளாச்சும் ஒழுங்கா மல்லி வாங்கிட்டு வர மாட்டேங்கிறீங்க?”

படம் நன்றாக இருக்க இருக்கப் பேராசிரியருக்கு ஆர்வம் கூடியது. ரிசுவுக்கோ கலக்கம் கூடியது. காரணம் தெரியாத நோய்தான் பெரிய நோய் என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் என்னதான் சொன்னேன்னு எனக்குப் போட்டுக் காட்டுங்க” என்றேன். இயந்திரம் போட்ட மதிப்பெண் தாளைத்தான் எல்லாரும் பார்த்திருந்தார்களே தவிர, என் குரலை ஒருவரும் கேட்கவில்லை. பெற்ற மகள்கூடக் கேட்கவில்லை. தகப்பன் குரல் என்பதால் அவள் கேட்கக் கூடாதாம்.

என் குரலை நான் கேட்க ஒரு படிவம், என் மகளும் கூட இருந்து கேட்க இன்னொரு படிவம். அதில் ஒரு கேள்வி: ‘விண்ணப்பதாரர் சுயமாக முடிவெடுக்கும் நிலையில் இருக்கிறாரா? உடன் வசிப்பவர் உறுதிசெய்து கையெழுத்திடவும்.’ மைமூன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள், யோசித்தாள், அப்படி யோசித்தாள்.

4

போன செவ்வாய்க்கிழமை நால்வரும் உட்கார்ந்தோம். பேராசிரியர், ஹேசல், ரிசு, நான். நடுவில் ஒரு தட்டு பிஸ்கட். ரிசு விரலைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஹேசல் பொத்தானை அழுத்தினாள்.

“இன்று என்ன கிழமை?” என்றது பெட்டி.

“வெள்ளி ராவும்மா. பொழுதுதான் அடைஞ்சிருச்சே” என்றது என் குரல்.

இயந்திரம் தவறு போட்டிருந்தது. அன்றைக்கு வியாழக்கிழமை, மாலை நான்கு மணி. ரிசு நிமிர்ந்தாள். எங்கள் வீட்டில் அந்தி சாய்ந்து மஃரிபு தொழுகை நேரம் ஆனதும் மறுநாள் ஆரம்பித்துவிடும். வியாழன் பொழுது அடைந்தால் அது வெள்ளி ராவு. டிசம்பரில் இங்கே மூன்றரைக்கே பொழுது அடைந்துவிடுகிறது, அதற்கு நான் என்ன செய்வேன்? மருத்துவர் கேட்டது காலையில், அதுவும் ஆங்கிலத்தில். ரிசு இதைப் பேராசிரியருக்கு விளக்கினாள். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

அடுத்து ஒரு படம். “இது என்ன?”

மருத்துவர் இதே மாதிரி ஒரு படத்தைக் காட்டியபோது ‘ஃபிஷ்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். ஆங்கிலத்தில் எனக்கு அவ்வளவுதான் அக்கறை. தமிழில் அப்படி விட முடியுமா? என் குரல் முதலில் ‘ச்சு’ கொட்டியது. “வாலப் பாத்தா பாரை மாதிரி இருக்கு. வாயப் பாத்தா வெளமீனு. செதில் நகரைக்கு உள்ள செதிலு. இப்படி ஒண்ணு கடல்லயே கெடையாதும்மா. வரஞ்சவன் யாரு?” இயந்திரம் எழுதியிருந்தது: ‘பொருளை அடையாளம் காண இயலவில்லை.’ ஹேசல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நான் சொல்வதைத் திருப்பிச் சொல்லுங்கள். அவர் நேற்று அங்கே சென்று வந்தார்.”

“அவரு நேத்து அங்கன போயிட்டு வந்தாரு.”

தவறு. அடுத்து, நினைவில் வைத்திருந்து பிற்பாடு சொல்ல வேண்டிய நான்கு சொற்கள்: குடை, பள்ளி, மல்லிகை, கயிறு. என் குரல் கணீரென்று சொன்னது: “கொடை, பள்ளிவாசல், மல்லியப்பூ, கவுறு.” நான்கும் தவறு.

ரிசு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு நிஜமாகவே அழுதாள்.

“பள்ளின்னா நமக்குப் பள்ளிவாசல்தானே அத்தா. எனக்கே அப்படித்தானே. எழுதுறப்ப ஒரு தடவகூட எனக்குத் தோணல. நம்ம வீட்டுல பேசுறது தப்புத் தமிழ்னு நெனைச்சிட்டேன். டெஸ்டுக்கு நல்ல தமிழ் வேணும்னு புக்கப் பாத்து எழுதுனேன்.”

அவளை ஏச எனக்கு வாய் வரவில்லை. அவள் சின்னப்பிள்ளையாக இருக்கும்போது சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு நான்தான் அனுப்பினேன். ‘அங்கன’ என்று எழுதியதை டீச்சர் சிவப்பு மையில் சுழித்து அனுப்பியபோது, டீச்சர் பக்கம் நின்றுகொண்டு, “ஒழுங்கா எழுதக் கூடாதா?” என்று அதட்டியவனும் நான்தான். அன்றிலிருந்து அவள் என்னிடம் தமிழ் பேசுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டாள். அதற்கு இந்த நாட்டைத்தான் இத்தனை வருடமும் ஏசிக்கொண்டிருந்தேன்.

பேராசிரியர் முகம் பாவமாகிவிட்டது. கிடைத்த ஓர் அதிசய மனிதன் பிஸ்கட் தின்றுகொண்டே கைநழுவிப் போகிறான். கடைசிக் கேள்வியை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். “நமது ஊரின் பெயர் என்ன?” என்று பெட்டி கேட்க, நான் யோசிக்காமல், “புதுமடம்” என்று சொல்லியிருந்தேன்.

“இது தவறுதானே? இந்த அறையில் உட்கார்ந்துகொண்டு, கடல் கடந்து எங்கோ இருக்கும் ஓர் இடத்தின் பெயரைச் சொல்கிறார். இருக்கும் இடம் தெரியவில்லை என்றுதானே அர்த்தம்?”

“இல்லை. நான் கேட்டதுதான் தவறு” என்று ரிசு ஆங்கிலத்தில் படபடவென்று ஆரம்பித்தாள். நாம் இருக்கும் நகரம் எது என்று கேட்க நினைத்து, ‘நமது ஊர்’ என்று எழுதிவிட்டாள். தமிழரிடம் உங்கள் ஊர் எது என்று கேட்டால் வீட்டு விலாசத்தைச் சொல்ல மாட்டார்கள், எத்தனை வருடம் எங்கே இருந்தாலும் அது வேறு, ஊர் வேறு, எங்கள் அத்தா சொன்னதுதான் சரியான விடை, முழு மதிப்பெண் போட வேண்டும் என்று மேசையைத் தட்டினாள். எனக்காக அவள் யாரிடமும் சண்டை போட்டு நான் பார்த்ததே இல்லை.

பேராசிரியர் விடுகிற ஆள் இல்லை. “சரி, நீ இந்தக் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் ஆஸ்பத்திரியில் பிறந்தவள். இதே கேள்வியை உன்னிடம் கேட்டால்? உன் ஊர் எது?”

நான் கையில் எடுத்த பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். இருபத்தைந்து வருடமாக இந்தக் கேள்வியை நான் அவளிடம் கேட்டதே இல்லை. என்ன சொல்வாள் என்று தெரியும், அதைக் காதால் கேட்க வேண்டாம் என்றுதான். மூன்றே முறை புதுமடத்துக்கு வந்திருக்கிறாள். மூன்று முறையும் கொசு, வெக்கை, வாட்ஸ்அப் வரவில்லை என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

ரிசு வாயைத் திறந்தாள்.

“புதுமடம்” என்றாள்.

சொல்லிவிட்டு அவளே திகைத்துப்போனாள். பேராசிரியர் எதையோ எழுதிக்கொண்டார். என் முகம் எப்படி இருந்ததோ, அவள் சட்டென்று என் பக்கம் திரும்பி விரலை நீட்டினாள்.

“அதுக்காக என்னைய அங்க போயி இருக்கச் சொல்லிராதீங்க அத்தா.”

“நானே போயி இருக்கலையேம்மா” என்றேன்.